வட்டமடிக்கும் விமானத்தில் எரிபொருள் தீர்ந்துவிட்டதா?

"பெங்களூர் விமானங்களுக்குப் போய்ச் சேரும் அளவுக்குத்தான் எரிபொருள் நிரப்புகிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி மேலே வட்டமடித்தால் டேங்க் காலி என்று அர்த்தம்." நம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. மகனோ மகளோ விமானத்தில் வரும் நாளில் இதைப் படிக்கும் பெற்றோர் எவ்வளவு பதறுவார்கள்!

வட்டமடிப்பது பெரும்பாலும் ஓடுபாதை நெரிசலுக்காக, அல்லது மழை, மூடுபனி விலகுவதற்காக. அதற்கும் சேர்த்துத்தான் திட்டமிடுகிறார்கள். சர்வதேச விதிப்படி, பயணத்துக்கான எரிபொருள் ஒரு பகுதி மட்டுமே. எதிர்காற்று போன்றவற்றுக்காகப் பொதுவாக அதில் 5 சதவீதம் கூடுதல். பெங்களூரில் இறங்க முடியாவிட்டால் சென்னை, கோவை போன்ற மாற்று நிலையத்துக்குப் போக வேண்டிய அளவு தனி. இதற்கெல்லாம் மேல், ஜெட் விமானம் 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் பறக்கத் தேவையான இறுதி இருப்பு. தரையிறங்கும்போதும் அது தொடப்படாமல் இருக்க வேண்டும்.

'மினிமம் ஃப்யூயல்' என்று விமானி சொன்னாலும் அது ஆபத்து அறிவிப்பு அல்ல. இனியும் தாமதமானால் இறுதி இருப்பில் கை வைக்க நேரலாம் என்ற தகவல். இருப்பு குறைந்துதான் இறங்குவோம் என்று கணக்கில் தெரிந்தால், 'மேடே ஃப்யூயல்' என்று அறிவிக்க வேண்டும். அதுதான் அவசரநிலை.

எரிபொருள் தீர்ந்து விபத்தே நடந்ததில்லையா? நடந்திருக்கிறது. 1990 ஜனவரியில் நியூயார்க் அருகே கொலம்பியாவின் அவியான்கா நிறுவன விமானம் (எண் 52) விழுந்து 73 பேர் இறந்தார்கள். நெடுநேரம் காத்திருந்தும் விமானிகள் அவசரநிலையை முறைப்படி அறிவிக்கவில்லை. 'மினிமம் ஃப்யூயல்', 'மேடே ஃப்யூயல்' என்ற சொற்களுக்கு இன்று இவ்வளவு துல்லியமான பொருள் இருப்பது அதனால்தான் முக்கியம்.