ஞாயிறுதோறும் சொல்கிறோமே, அதை நம்புகிறோமா?

"உன் விசுவாசம் குறைவு, அதனால்தான் இன்னும் சுகம் கிடைக்கவில்லை." நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இப்படிச் சொல்கிற கிறிஸ்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கையில் வேதாகமத்தோடுதான் சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் சபை ஆதிமுதல் அறிக்கையிட்டு வருகிற விசுவாசத்தில் இந்தப் பேச்சுக்கு இடமே கிடையாது. ஒரு விசுவாசியாக இதை வெளிப்படையாக எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றுகிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் என்ன நம்புகிறோம் என்பதற்கு ஒரு சுருக்கம் நம் கையிலேயே இருக்கிறது. விசுவாசப் பிரமாணம். ஆராதனையில் எழுந்து நின்று ஒரே மூச்சில் சொல்லி முடித்து உட்கார்ந்துவிடுகிறோம். அப்போஸ்தலர் பிரமாணம், நிசேயா பிரமாணம் என்று இரண்டு உண்டு. நிசேயா பிரமாணத்தின் அடிப்படை 325இல் நிசேயா நகரில் பேராயர்கள் கூடிய சங்கத்தில் உருவானது, 381இல் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கத்தோடு இன்றைய வடிவத்துக்கு வந்தது. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ் சபையார், சீர்திருத்த சபையார் என எத்தனையோ விஷயங்களில் சண்டை போட்டுக்கொண்டவர்கள் எல்லாருக்கும், பரிசுத்த ஆவியைப் பற்றிய ஒரு சொற்றொடர் நீங்கலாக, அது பொது. பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைகளில் அதை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் இல்லாவிட்டாலும் உள்ளடக்கத்தில் வேறுபாடு இல்லை.

அப்போஸ்தலர் பிரமாணத்தில் மனிதர் பெயர் என்று பார்த்தால் இயேசுவைத் தவிர இரண்டே இரண்டுதான். ஒன்று அவருடைய தாய் மரியாள். இன்னொன்று பொந்தியு பிலாத்து. பேதுரு இல்லை, பவுல் இல்லை, ஆபிரகாம்கூட இல்லை. கைகழுவி நழுவிக்கொண்ட ஒரு ரோம ஆளுநர் இருக்கிறார்! "பொந்தியுபிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு" என்று உலகம் முழுக்க வாராவாரம் அவர் பெயர் ஒலிக்கிறது.

அவரைக் கௌரவிக்க அல்ல, காலத்தைக் குறிக்க. பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்டவர். அவர் பெயர் பொறித்த கல் ஒன்று 1961இல் செசரியாவில் கிடைத்தது. அவர் காலத்தில் இது நடந்தது என்று சொல்வதன் மூலம், ஏதோ ஒரு யுகத்தில் நடந்த கதையைச் சொல்லவில்லை, தேதி போடக்கூடிய ஒன்றைச் சொல்கிறோம் என்கிறது பிரமாணம். அந்த முழு வாசகத்திலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். "நல்லவனாக இரு" என்று அறிவுரை சொல்ல உலகில் ஏராளமான ஆசான்கள் இருந்தார்கள். பிரமாணத்திலோ ஓர் அறிவுரைகூட இல்லை. தேவன் செய்தது இது, செய்வது இது, செய்யப்போவது இது என்கிற அறிக்கைதான் ஆரம்பம் முதல் கடைசி வரை. விசுவாசி என்பவர் முதலில் அதைக் கேட்டு நம்புகிறவர். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

பவுல் இதில் எந்தச் சமரசமும் செய்யவில்லை. சிலுவைச் சம்பவம் நடந்து இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் கொரிந்து சபைக்கு எழுதும்போது, "கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா" என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறார். பார்த்தவர்களின் பட்டியலைக் கொடுத்து, அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார். வேண்டுமானால் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்கிற தொனி அதில் எனக்குக் கேட்கிறது. "நடந்ததோ இல்லையோ, நல்ல கருத்துதானே" என்று ஒதுங்கிக்கொள்ள அவர் வழியே விடவில்லை.

சரி, திரித்துவத்துக்கு வருவோம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்கிற விசுவாசம் அது. பலர் இதை ஒரு கணக்குப் புதிராக நினைத்து அந்தப் பக்கமே போவதில்லை. ஆரம்பத்தில் இதை நம்பியவர்கள் யார் என்று பாருங்கள். தேவன் ஒருவரே என்று தினமும் அறிக்கையிட்டு வளர்ந்த யூதர்கள். அவர்கள்தான் இயேசுவின் பெயரில் ஜெபிக்கத் தொடங்கினார்கள். கி.பி. 112 வாக்கில் பிளினி என்ற ரோம ஆளுநர் பேரரசர் டிராஜானுக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று தெரிவிக்கிறார். அதாவது வழிபாடு முதலில் வந்தது, விளக்கம் பின்னால் வந்தது. ஆரியுஸ் என்ற மூப்பர், குமாரன் மிக உயர்ந்தவர்தான், ஆனாலும் படைக்கப்பட்டவர் என்று போதித்தபோது, நிசேயாவில் கூடியவர்கள் அதை மறுத்து, பிதாவும் குமாரனும் ஒரே தன்மையுடையவர்கள் என்று எழுதி வைத்தார்கள்.

இதனால் ஒரு சாதாரண விசுவாசிக்கு என்ன என்று கேட்கலாம். எனக்கு இது உயிர்நாடியான விஷயம். சிலுவையில் தொங்கியவர் தேவன் இல்லையென்றால், தேவன் பத்திரமாக மேலே இருந்துகொண்டு வேறு யாரையோ சாக அனுப்பினார் என்று ஆகிவிடும். அப்படிப்பட்ட ஒருவரை வணங்கலாம், பயப்படலாம். நேசிக்க என்னால் முடியாது. பிரமாணம் சொல்வதோ, அவரே வந்தார் என்று.

வந்தவர் எப்படி இருந்தார்? நடந்து களைத்துக் கிணற்றருகே உட்கார்ந்து, ஒரு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். லாசருவின் கல்லறைக்குப் போகும்போது, இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அழுதார். "இயேசு கண்ணீர் விட்டார்" என்கிற அந்தச் சின்ன வசனத்தைப் படித்த பிறகும், சாவு வீட்டில் அழுகிறவரைப் பார்த்து "விசுவாசி அழக்கூடாது" என்று அதட்ட எப்படி மனது வருகிறதோ தெரியவில்லை. உயிர்த்தெழுதலை அவரைவிட அதிகமாக நம்புகிறவர்களா நாம்?

இனி கிருபை. இங்கேதான் நாம் அதிகம் வழுக்குகிறோம்.

கெட்ட குமாரன் உவமையை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். லூக்கா 15. அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பன்றிகளுக்கு நடுவே இருக்கும்போதே அவன் அப்பாவிடம் பேச வேண்டியதைத் தயார் செய்துகொள்கிறான்: பாவம் செய்தேன், இனி உமது குமாரன் என்று சொல்லப்பட நான் பாத்திரன் அல்ல, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வருகிறான். அவன் தூரத்தில் வரும்போதே அப்பா ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்துவிடுகிறார். அதற்குப் பிறகுதான் அவன் தன் பேச்சைத் தொடங்குகிறான். முதல் இரண்டு வாக்கியங்கள் சரியாக வருகின்றன. "கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும்" என்ற வாக்கியம் வரவே இல்லை. அதற்குள் அப்பா உடுப்புக்கும் மோதிரத்துக்கும் ஆளனுப்பிவிட்டார். உழைத்துக் கடனை அடைக்கிறேன் என்கிற பேரத்தை அந்த வீட்டில் வாய்திறந்து சொல்லக்கூட அவனுக்கு இடம் கிடைக்கவில்லை.

கிறிஸ்தவத்தின் நடுமையம் இதுதான் என்று நம்புகிறேன். மன்னிப்பு முன்னால் வருகிறது, திருந்திய வாழ்க்கை அதன் பின்னால் வருகிறது. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்கிறது எபேசியர் நிருபம். இந்த விஷயத்தை ஒட்டித்தான், மார்ட்டின் லூத்தர் எதிர்ப்புக் குரல் எழுப்பிய 1517க்குப் பிறகு, மேற்குத் திருச்சபை இரண்டாகப் பிளந்தது. அதே விஷயத்தில்தான் 1999இல் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலக ஐக்கியமும் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டு, அடிப்படையில் ஒத்துப்போகிறோம் என்றன. நாநூற்றுச் சொச்சம் ஆண்டுகள் ஆயின. ஆனாலும் வந்து சேர்ந்தார்கள். நம் சபைகளில் இந்தச் செய்தியை யாரும் பிரசங்கிப்பதாகத் தெரியவில்லை.

சிலுவை எப்படி நம்மை மீட்கிறது என்பதற்குச் சபை பல விளக்கங்களை வைத்திருக்கிறது. மீட்கும் பொருள், நமக்குப் பதிலாகப் பட்ட தண்டனை, சாவின் மேல் வெற்றி, அன்பின் வெளிப்பாடு. இரண்டு பிரமாணங்களிலும் அந்த 'எப்படி' விளக்கப்படவில்லை. "நமக்காக" என்பதோடு நிசேயா பிரமாணம் நிறுத்திக்கொள்கிறது. அதுவே எனக்குப் போதும்.

இப்படி ஈவாக வந்ததைத்தான் இன்று பலர் ரசீது போட்டு விற்கிறார்கள். இவ்வளவு காணிக்கை கொடுத்தால் இவ்வளவு ஆசீர்வாதம், இத்தனை நாள் உபவாசம் இருந்தால் இந்தக் காரியம் நடக்கும், நடக்காவிட்டால் குறை உன்னிடத்தில். நோயாளியின் கட்டிலருகே கேட்ட அந்த வார்த்தை இங்கிருந்துதான் கிளம்புகிறது. பவுலுக்கு மாம்சத்தில் ஒரு முள் இருந்தது. அதை எடுத்துப்போடும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது, முள் போகவில்லை. பவுலுக்கு விசுவாசம் குறைவா? கெத்செமனேயில் இயேசுவே பாடுகளின் பாத்திரம் நீங்க வேண்டினார். நீங்கவில்லை. அவருக்குமா குறைவு? சுகத்துக்காக ஜெபிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜெபிக்கிறேன், மற்றவர்களையும் ஜெபிக்கச் சொல்கிறேன். சுகம் கிடைக்காதபோது பழியை நோயாளியின் தலையில் கட்டுவது அநியாயம் என்கிறேன்.

கிருபை இலவசம் என்றால் எப்படி வேண்டுமானாலும் வாழலாமே என்ற கேள்வி பவுலின் காலத்திலேயே வந்துவிட்டது. கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எழுதியதும் அதே நிருபத் தொகுப்பில்தான் இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் ஜூலியன் கிறிஸ்தவத்தை ஒடுக்கிப் பழைய தேவர்களின் வழிபாட்டை மீட்க முயன்றார். அவரே தன் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் பராமரிக்கிறார்களே என்று புலம்புகிறார். எதிராளி கொடுத்த சாட்சி இது. கிட்டத்தட்ட அதே காலத்தில் கப்பதோக்கியாவில் (இன்றைய துருக்கி) இருந்த வேறொரு செசரியாவின் பேராயர் பசிலியு நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் ஒரு பெரிய இல்லம் கட்டினார். தொழுநோயாளிகளும் அங்கே பராமரிக்கப்பட்டார்கள்.

ஏன் இவ்வளவு அக்கறை உடம்பின் மேல்? பிரமாணத்தின் கடைசி வரிகளில் விடை இருக்கிறது. "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்கிறோம். ஆத்துமா பறந்து பரலோகம் போய்விடும், உடம்பு வெறும் கூடு என்று நம்மில் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அடக்க ஆராதனைகளில் கேட்கிற பேச்சும் அதற்கு ஏற்றதாகவே இருக்கிறது. சுவிசேஷங்கள் சொல்வது அதைவிடப் பெரிது. உயிர்த்தெழுந்த இயேசு சீஷர்களிடம் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, பொரித்த மீன் துண்டை வாங்கி அவர்கள் கண்முன் சாப்பிட்டார். அவர் கைகளில் ஆணித் தழும்பு இருந்தது. மரணத்தை ஜெயித்த சரீரத்திலும் காயத்தின் அடையாளம் அழிக்கப்படவில்லை! ஆகவே பட்ட பாடெல்லாம் நடக்கவே இல்லை என்பதுபோலத் துடைத்துப் போடப்படும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவை இனி வலிக்காது, ஆனால் அவற்றுக்கு அர்த்தம் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். படுத்த படுக்கையாகக் கிடக்கிற ஒருவருடைய உடம்பைத் துடைத்துவிடுகிற விசுவாசி, தேவன் எழுப்பப்போகிற ஒன்றைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறார்.

பாவமன்னிப்பு பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று கர்த்தருடைய ஜெபத்தில் கேட்கிறோம். எளிதான காரியம் அல்ல. அதேசமயம், அடித்துத் துன்புறுத்துகிற கணவனிடம் ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவதற்கு இந்த வரியைப் பயன்படுத்தாதீர்கள். மன்னிப்பது வேறு, ஆபத்துக்குள் திரும்பிப் போவது வேறு. மனந்திரும்பாதவனுக்கு வசதி செய்து கொடுப்பதற்குச் சிலுவையைக் கருவியாக்குவது பெரிய பாவம் என்றே நினைக்கிறேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, சந்தேகப்படுகிறவர்களை விட்டுவிடக்கூடாது. கேள்வி கேட்கும் இளைஞர்களை நம் சபைகள் பல நேரம் விரோதிகளைப்போல நடத்துகின்றன. தோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். தழும்பைப் பார்த்து, விரலை இட்டாலொழிய விசுவாசியேன் என்று வெளிப்படையாகச் சொன்னவர். அதற்குப் பிறகு எட்டு நாள் கழித்து, சீஷர்கள் மறுபடியும் வீட்டுக்குள்ளே கூடியிருந்தபோது "தோமாவும் அவர்களுடனே இருந்தான்" என்கிறார் யோவான். நம்பாத ஓர் ஆளை அந்தப் பத்துப் பேரும் வெளியே அனுப்பவில்லை, அவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. "என் ஆண்டவரே! என் தேவனே!" என்கிற அறிக்கை அந்த வாயிலிருந்துதான் வந்தது. நோயுற்ற மகனைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு தகப்பன் இயேசுவிடம், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கதறினான். பாதி விசுவாசம்தான் அது. உன் விசுவாசம் முதலில் நிறையட்டும், பிறகு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அந்தப் பிள்ளையைச் சுகமாக்கினார்.