கூர் பார்க்கும் படலம்

(சமையலறை மேசை. அக்கா ஒரு தக்காளியோடு மல்லுக்கு நிற்கிறார். எதிரே தம்பி, கையில் தடித்த நோட்டு.)

அக்கா: தம்பி, இந்தக் கத்தியைத் தீட்டித் தருகிறேன் என்று நீ சொல்லி இன்றோடு மூன்று வாரம் ஆகிறது. இந்தத் தக்காளியை அறுக்கிறேனா, கழுத்தை நெரிக்கிறேனா என்று எனக்கே விளங்கவில்லை.

தம்பி: பொறுங்கள் அக்கா. இருப்பதிலேயே எளிய முறை எது என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். 42 பக்கம் எழுதியும் இன்னும் முன்னுரையைத் தாண்டவில்லை.

அக்கா: எளிய முறைக்கே 42 பக்கமா? சரி, இழுப்பறையில் எஃகுக் கம்பி ஒன்று கிடக்கிறதே, அதில் நான்கு முறை தேய்த்தால் ஆகாதா?

தம்பி: அது தீட்டுகிற கம்பி அன்று, நிமிர்த்துகிற கம்பி. பயன்படுத்தப் பயன்படுத்தக் கத்தியின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு பக்கமாக மடிந்துபோகும். மடிந்ததை அந்தக் கம்பி நேராக்கும், அவ்வளவுதான். விளிம்பே தேய்ந்து உருண்டுபோன நம் கத்திக்கு அதைக் காட்டுவது, வழுக்கைத் தலைக்குச் சீப்பு வாங்கிக் கொடுப்பதற்குச் சமம்.

அக்கா: பிளவுக்குள் விட்டு இழுக்கும் சின்னக் கருவி ஒன்று இருக்கிறதே?

தம்பி: 17-ஆம் பக்கம். கோணத்தை அதுவே பார்த்துக்கொள்ளும், நமக்கு யோசனையே தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் உலோகத்தைத் தாராளமாகச் சுரண்டிவிடும். விளிம்பும் சொரசொரப்பாகத்தான் நிற்கும். மலிவான கத்திக்கு அது போதும் என்பது என் தனிப்பட்ட கருத்து.

அக்கா: நம்முடையது மலிவான கத்திதானே?

தம்பி: அப்படிக் கேட்டால் ஆராய்ச்சி 17-ஆம் பக்கத்திலேயே முடிந்துவிடுமே அக்கா!

அக்கா: மோட்டார்ச் சக்கரத்தைப் பற்றி எத்தனை பக்கம்?

தம்பி: ஒரே வரி. பழகாத கையில் விளிம்பு சூடேறி, நீலம் பாரித்து, எஃகின் பதம் போய்விடும். ஆகவே மிஞ்சுவது தீட்டுகல். அதில்தான் சிக்கலே இருக்கிறது. கல்லுக்குக் கல் ஓர் எண் உண்டு; அது கூடக்கூடக் கல் நுண்ணியதாகும். விளிம்பு உடைந்த கத்திக்கு 400, வழக்கமான தீட்டலுக்கு 1000, மெருகேற்ற 3000-க்கு மேல். இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று ஒரு வாரமாக எனக்குத் தூக்கமில்லை.

அக்கா: நம் கத்தி உடைந்திருக்கிறதா?

தம்பி: இல்லை.

அக்கா: அதில் முகம் பார்த்துத் தலை வாரப் போகிறாயா?

தம்பி: இல்லை.

அக்கா: (அலமாரியிலிருந்து ஒரு கல்லை எடுத்து) 1000. போன வாரமே வாங்கிவிட்டேன். நீ அப்போது 23-ஆம் பக்கத்தில் இருந்தாய், கலைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

(கல்லைத் தண்ணீரில் போடுகிறார். குமிழி அடங்கியதும் எடுத்து, நழுவாமலிருக்க ஈரத்துணியை மடித்து, அதன்மேல் வைக்கிறார்.)

தம்பி: நிறுத்துங்கள்! கத்தியின் ஒவ்வொரு பக்கத்தைத் தீட்டும்போதும் கல்லுக்கும் கத்திக்கும் இடையே 15 முதல் 20 பாகை வரை கோணம் இருக்க வேண்டும். கோணமானியை எடுத்து வருகிறேன்.

அக்கா: கத்தியின் அகலம் 4 செ.மீ. அதன் முதுகைக் கல்லிலிருந்து 1 செ.மீ. தூக்கினால் எவ்வளவு வரும்?

தம்பி: (நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டு) ஏறத்தாழ 15 பாகை. இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

அக்கா: ஏனென்றால், நீ கத்தியையே பார்க்கவில்லை.

தம்பி: ஆனாலும் ஒரு யோசனை சொல்கிறேன். விளிம்பின் ஓரத்தில் மார்க்கர் மையைப் பூசி இரண்டு தேய்ப்புத் தேய்த்துப் பாருங்கள். விளிம்பின் நுனிவரை மை அழிந்தால் கோணம் சரி. மேலே மட்டும் அழிந்தால் முதுகு இன்னும் கொஞ்சம் உயர வேண்டும்.

அக்கா: மூன்று வாரத்தில் நீ சொன்ன உருப்படியான பேச்சு இதுதான். எப்போது நிறுத்துவது என்பதையும் சொல்லிவிடு.

தம்பி: ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க, மறுபக்கத்தில் நூலிழை போலப் பிசிறு எழும்பும். விரலை விளிம்பின் நெடுகே ஓட்டாமல், முதுகிலிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே வழித்தால் அது தட்டுப்படும். அடியிலிருந்து முனைவரை பிசிறு வந்த பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். அங்கும் வந்த பின், மெல்ல மெல்லப் பக்கம் மாற்றித் தேய்த்தால் உதிர்ந்துவிடும்.

(கல்லின்மேல் சாம்பல் நிறக் குழம்பு சேர்கிறது. தம்பி துடைக்கக் கை நீட்டுகிறார். அதுவும் தீட்டுகிறது என்று அக்கா கையைத் தட்டிவிடுகிறார். கால் மணி நேரம் கழித்து, கத்தியைக் கழுவித் துடைத்து விளக்கின்கீழ் விளிம்பை நிமிர்த்திப் பிடிக்கிறார்.)

அக்கா: மழுங்கிய இடமாக இருந்தால் வெள்ளைக் கோடாக மினுங்கும். ஒன்றையும் காணோம். எங்கே, ஒரு தாள் கொடு.

(தம்பி யோசிக்கும் முன்பே அவர் நோட்டிலிருந்து ஒரு பக்கம் கிழிந்து, அக்காவின் கையில் தொங்கி, சரக்கென்று இரண்டாகிறது.)

தம்பி: ஐயோ, அது என் 17-ஆம் பக்கம்! தீட்டிய மரத்திலேயே கூர் பார்க்கிறீர்களே, அக்கா!

அக்கா: தீட்டியவள் நான். மரம் மட்டும்தான் நீ.