கானுக்கும் தாங்கிக்கும் இடையிலே போகிற காசு

சொந்தத் துறையில் படகுக்கு எண்ணெய் அடித்தால் மிச்சம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். மிச்சம்தான். ஆனால் எதில் மிச்சம் என்று கணக்குப் பார்ப்பவர்கள் குறைவு. வெளிநாடுகளில் படகுத்துறைப் பம்பில் விலை கூட, வீதியோரப் பெற்றோல் செட்டில் குறைவு. அந்த வித்தியாசத்துக்காகக் கானில் கொண்டுபோய் ஊற்றுகிறார்கள். வன்னிக் கரையில் இருக்கும் எங்களுக்கு அந்தக் கதை பொருந்தாது. முல்லைத்தீவுப் பக்கம் கொக்கிளாய், நாயாறு, சாலை, அந்தப் பக்கம் நாச்சிக்குடா, வலைப்பாடு என்று எந்தக் கரையை எடுத்தாலும் எண்ணெய் வருவது வீதியோரப் பெற்றோல் செட்டில் இருந்துதான். தொழிலுக்குப் போகிறவருக்கும், ஓகஸ்ட் விடுமுறைக்கு வரும் சொந்தங்களைக் களப்பில் சுற்றிக்காட்டப் படகு வைத்திருப்பவருக்கும் ஒரே விலை. ஆகவே எங்கள் காசு மிஞ்சுவதும் தொலைவதும் கானுக்கும் தாங்கிக்கும் இடையில்தான்.

முதலில் தேவையைக் கணக்குப் பாருங்கள். 15 குதிரைவலு எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 6 லீற்றர் குடிக்கும். டூ ஸ்ட்ரோக் என்றால் அதற்கும் மேலே போகும். களப்பில் ஆட்களை ஏற்றிக்கொண்டு அரை வேகத்தில் போனால் அதில் பாதியும் போகாது. போகும் வழிக்கு மூன்றிலொன்று, திரும்பும் வழிக்கு மூன்றிலொன்று, காற்றுக்கும் பிழைக்கும் மூன்றிலொன்று என்று வைத்துக்கொண்டு வாங்கினால் காணும். சும்மா நாலு கான் வாங்கி வீட்டில் அடுக்கத் தேவையில்லை. 2022 தட்டுப்பாட்டில் கானுக்கு எண்ணெய் விடத் தடை வந்தபோது, கிடைத்ததைக் கிடைத்த இடத்தில் பதுக்கி வைக்கப் பழகினோம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் இன்று அது வெறும் நட்டம். பெற்றோல் மூன்று மாதம் தாண்டினால் பழுதாகத் தொடங்கும். டூ ஸ்ட்ரோக் ஒயில் கலந்தது அதைவிடக் கெதியாகக் கெடும், ஒரு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். பழைய பெற்றோல் கார்பரேற்றருக்குள் பசை மாதிரி ஒட்டி ஜெற் என்ற சின்னத் துவாரத்தை அடைக்கும். பிறகு கராச்சுக்குக் கொடுக்கும் கூலியில் எத்தனை கான் வாங்கலாம் என்று பாருங்கள்.

ஒக்ரேன் 92 பெற்றோல் போதுமா, 95 போட வேண்டுமா என்று கேட்கிறார்கள். எஞ்சின் கையேடு வேறு சொல்லாவிட்டால் 92 போதும். 95 போட்டால் படகு வேகமாகப் போகாது. வித்தியாசக் காசை நல்ல பில்டருக்குப் போடுங்கள்.

கான் விசயத்தில்தான் எனக்கு மிகவும் கவலை. வன்னியில் வயல் இருக்கிற வீடுகளில் மருந்துக் கான் கிடக்கும். தடிப்பாக, இறுக்கமான மூடியோடு வடிவாக இருக்கும். கழுவினால் சரி என்று அதிலே பெற்றோல் வாங்குகிறார்கள். களைநாசினியின் மிச்சம் தண்ணீரில் கழுவுப்பட்டாலும் மூடியின் றபருக்குள்ளும் மடிப்புக்குள்ளும் நிற்கும். தேங்காயெண்ணெய்க் கானும் அப்படித்தான், அந்தப் பிசுக்கு நேரே கார்பரேற்றருக்குப் போகும். குடிதண்ணீர்க் கான் பெற்றோலுக்குச் செய்ததே இல்லை. நாள்பட நெகிழ்ந்து வெயிலில் ஊதும், மூடியால் ஒழுகும். எரிபொருளுக்கென்றே வரும் தடித்த கான் ஒன்றை ஒருமுறை வாங்கினால் வருசக்கணக்கில் நிற்கும். 20 லீற்றர் பெற்றோல் 15 கிலோவுக்குக் கிட்ட வரும். ஆடுகிற பாலத்தில் நின்று அதை ஒற்றைக் கையால் சரிக்கவே முடியாது. பாதிச் சிந்தல் இந்தப் பாரத்தால்தான். 10 லீற்றர்க் கான் இரண்டு வாங்குங்கள். பெற்றோலுக்கு ஒரு நிறம், மண்ணெண்ணெய்க்கு ஒரு நிறம், ஒயில் கலந்ததற்கு இன்னொரு நிறம் என்று பெயின்ரால் பெரிதாகப் பட்டை அடியுங்கள். இருட்டில் எடுக்கிறவனுக்கு எழுத்துத் தெரியாது, பட்டை தெரியும்.

செட்டில் கானை நிலத்தில் இறக்கி வைத்துத்தான் அடிக்க வேண்டும். லாண்ட்மாஸ்டர் பெட்டியிலோ ஓட்டோச் சீற்றிலோ வைத்தபடி அடித்தால், பெற்றோல் பாயும்போது உண்டாகும் நிலைமின் இறங்க வழியில்லாமல் நிற்கும். ஒரு சின்னப் பொறி காணும். நொசில் கானின் வாயைத் தொட்டபடியே இருக்கட்டும். வாய்முட்ட நிரப்ப வேண்டாம். பெற்றோல் 10 பாகை சூடேறினால் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று விரியும், ஆவியும் அழுத்தும். 20 லீற்றர்க் கானில் ஒரு லீற்றர் இடமாவது விடுங்கள். பவுசர் இறக்கிக்கொண்டிருந்தால் சற்றுப் பொறுத்து வாங்குங்கள், நிலத்தாங்கியின் அடியில் கிடப்பது அப்போது கலங்கும். வழியில் கானை நிமிர்த்திக் கட்டி, நனைத்த சாக்கால் மூடுங்கள். மோட்டார் சைக்கிளில் சைலன்சர் பக்கம் தொங்கவிடுவதைப் பார்த்தால் வயிறு பத்துகிறது.

இனித் துறைக்கு வருவோம். கழற்றக்கூடிய தாங்கி என்றால் அதைக் கரைக்குத் தூக்கி வந்து நிலத்தில் வைத்து நிரப்புங்கள். இதைச் செய்தால் நான் சொல்லும் ஆபத்தில் பெரும்பங்கு இல்லாமல் போகும். சிவப்புத் தாங்கி கழற்றித் தூக்கவென்றே செய்யப்பட்டது. ஆனாலும் படகுக்குள்ளே வைத்துத்தான் ஊற்றுகிறோம், பத்து அடி தூக்கச் சோம்பல். பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நாலு மடங்கு பாரம். அது மேலே பறக்காது, தண்ணீர் மாதிரி வழிந்து படகின் அடியில் போய்த் தேங்கும். காற்றில் நூற்றுக்கு 1.4 பங்கு ஆவி இருந்தாலே தீப்பிடிக்கக் காணும். பைபர் படகின் முன்பக்கம் மூடிய அறை உண்டே, அதற்குள்ளே போன ஆவி மணிக்கணக்கில் நிற்கும். மண்ணெண்ணெயில் பழகின கைகளுக்கு இது விளங்குவதில்லை. மண்ணெண்ணெய் 38 பாகைக்கு மேலே சூடேறினால்தான் பற்றக்கூடிய ஆவியை விடும். பெற்றோல் உறைகுளிரிலும் விடும். மண்ணெண்ணெய்க்குப் பக்கத்தில் பீடி குடித்தும் தப்பியவர் பெற்றோலுக்குப் பக்கத்திலும் தப்புவார் என்று நினைக்க வேண்டாம்.

தாங்கி படகோடு பூட்டியது என்றால் வேறு முறை. காலையிலே செய்யுங்கள், வெயிலும் காற்றும் ஏற முதல். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, போனைக் கரையில் வைத்துவிட்டு வாருங்கள். வாடியில் அடுப்பு எரிந்தால் அணையும் வரை பொறுங்கள். ஆட்கள் ஒருவரும் படகில் இருக்கக்கூடாது. பிள்ளைகளை ஏற்றி இருத்திவிட்டு "ஒரு நிமிசம்" என்று கானைச் சரிப்பவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அதை நிறுத்துங்கள். முதலில் எண்ணெய், பிறகு அறைகளைத் திறந்து குறைந்தது பத்து நிமிடம் காற்றுப் பட விடுவது, பிறகு அடித்தட்டுவரை குனிந்து மணந்து பார்ப்பது, மணம் இல்லையென்றால் ஆட்கள். இந்த ஒழுங்கு மாறக்கூடாது.

வாயால் ரியூப்பை உறிஞ்சி எடுக்கும் பழக்கம் எங்கள் ஊரில் வீரம் மாதிரி. ஒரு மிடறு பெற்றோல் நுரையீரலுக்குள் போனால் அங்கே புண்ணாகி, நியுமோனியா மாதிரி மூச்சைத் திணறப்பண்ணும். அது வயிற்றுக்குப் போய்விட்டதென்று விரலை விட்டு வாந்தி எடுக்கப்பண்ணினால் இன்னும் மோசம், மேலே வரும்போது திரும்ப நுரையீரலுக்குள் இறங்கும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் வழி. இதற்கு மாற்று மலிவு. நுனியில் செப்பு வால்வும் உள்ளே குண்டும் உள்ள ரியூப் விற்கிறார்கள். அந்த நுனியைக் கானுக்குள் விட்டு நாலைந்து முறை மேலும் கீழும் குலுக்கினால் தானே ஓடும். கான் தாங்கியைவிட உயரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நிறுத்த வேண்டுமென்றால் கானுக்குள் இருக்கும் நுனியை எண்ணெய்க்கு மேலே தூக்குங்கள். தாங்கி வாயைச் சுற்றிப் பழைய சாரத் துணி ஒன்றைக் கட்டிவிட்டு ஊற்றுங்கள்.

சிந்தினால் துணியால் ஒற்றி எடுங்கள், கரையில் சிந்தியதற்குத் தும்புத்தூளோ மரத்தூளோ போடுங்கள். தண்ணீரில் விழுந்ததற்குச் சவர்க்காரம் ஊற்றுவது பெரிய பிழை. மேலே மினுங்குவது மறையும், ஆனால் எண்ணெய் எங்கேயும் போகாது, சிறு துளியாகி உள்ளே இறங்கும். நந்திக்கடல் இறாலுக்குப் பேர்போன இடம், கொக்கிளாய்க் களப்பு 1951 முதல் சரணாலயம். அந்தத் தண்ணீரில் மீன், இறால் குஞ்சுகள் வளர்வது கரையோரத்தில், நாங்கள் கான் சரிக்கும் அதே ஆழமில்லாத இடத்தில்.

தண்ணீர் கலப்பதுதான் எஞ்சினைக் கொல்வது. மாரியில் மூடி தளர்ந்த கான், பாதி நிரம்பிய தாங்கிக்குள் இரவில் வேர்க்கும் ஈரம், களப்பில் தெறிக்கும் உப்புத்தண்ணீர் என்று பல வழியால் வரும். தண்ணீர் பாரம் கூட, அடியில் கிடக்கும். எடுக்கும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. கானில் இருந்து கொஞ்சத்தைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்துப் பத்து நிமிடம் வைத்தால், அடியில் தனியாகப் பிரிந்து நிற்பதைக் கண்ணாலே காணலாம். கானில் கடைசி அரை லீற்றரை ஊற்றாமல் வேறாக எடுத்துத் தெளியவிடுங்கள். எஞ்சினுக்கு முன்னால் 10 மைக்கிரோன் தண்ணீர் பிரிக்கும் பில்டர் பூட்டுவது நல்ல செலவு.

டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு. கையேட்டில் பெற்றோல்-ஒயில் கலவை 50:1 என்றிருந்தால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் ஒயில், 20 லீற்றருக்கு 400. புது எஞ்சினுக்கு முதல் பத்து மணித்தியாலம் 25:1 கேட்டிருந்தால் அதன் இரட்டிப்பு. கண்மட்டத்தில் ஊற்றாமல் அளவுக் கோடுள்ள போத்தலால் அளந்து ஊற்றுங்கள். கூடினால் பிளக் கரிபிடிக்கும், குறைந்தால் பிஸ்டன் இறுகும். முதலில் கொஞ்சப் பெற்றோல், பிறகு ஒயில், மூடிக் குலுக்கி, பிறகு மிச்சப் பெற்றோல். ஒயில் போத்தலில் TC-W3 என்று இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் ஒயில் வேறு சூட்டுக்குச் செய்தது, அதன் சாம்பல் பிளக்கில் படியும்.

மண்ணெண்ணெய் பற்றி ஒரு சொல். அதற்கென்றே செய்த எஞ்சினைப் பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்த முதல் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றுவது எங்களுக்குக் கைப்பழக்கம். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது வீதி வாகனங்களையே அப்படி ஓட்டிய மண் இது. அந்தத் துணிவில் இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் பெற்றோல் எஞ்சினுக்கும் கலந்து ஊற்றுகிறார்கள். அது தட்டும், எரியாத மண்ணெண்ணெய் வழிந்து எஞ்சின் ஒயிலை நீர்க்கப்பண்ணும், பேரிங் தேயும். மிச்சமும் முன்னைப்போல் இல்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயில் இருந்து 340க்கு ஏறியதோடு அந்தப் பழைய கணக்கு முடிந்துவிட்டது.

நிரப்பியபின், தாங்கியில் இருந்து எஞ்சினுக்குப் போகும் ரியூப்பில் உள்ள கைக்குமிழை அம்புக்குறி எஞ்சினைப் பார்க்கப் பிடித்து, இறுகும் வரை அமத்துங்கள். இறுகவே இல்லையென்றால் பெரும்பாலும் இணைப்பின் றபர் வளையத்தால் காற்று இழுக்கிறது. பத்து நிமிடம் ஓடிவிட்டு எஞ்சின் நின்று குமிழ் சப்பையாக இருந்தால், பெரும்பாலும் தாங்கி மூடியின் காற்றுத் திருகு பூட்டியபடி இருக்கும். அதற்காக எஞ்சினைக் கழற்ற வேண்டாம், திருகைத் திறந்தால் ஓடும். மாரிக்குப் படகைக் கரையேற்றும்போது, கார்பரேற்றர் எஞ்சின் என்றால், குளிர்நீர் கொடுத்தபடி ரியூப்பைக் கழற்றி, உள்ளே இருப்பது எரிந்து தானே நிற்கும் வரை ஓட விடுங்கள்.

கடற்றொழிலாளர் சங்கங்களிடம் ஒரு கோரிக்கை. ஒவ்வொரு இறங்குதுறையிலும் தண்ணீரில் இருந்து தள்ளி, எண்ணெய் நிரப்பவென்று இரண்டு மீற்றர் சதுரத்தில் ஒரு சீமெந்துத் தளம் போடுங்கள். சுற்றிவரச் சின்னக் கட்டு. ஒரு 20 லீற்றர்க் கான் முழுக்கக் கவிழ்ந்தாலும் 22 லீற்றர் பிடிக்க வேண்டும், அதற்கு ஒரு சாண் கட்டும் தேவையில்லை. நாலு விரற்கடை உயரம் தாராளம். நிழலுக்கு மேலே ஒரு கூரை, பக்கம் திறந்தபடி. இரண்டு வாளி மணல், ஒரு உலர்தூள் தீயணைப்பான். பெற்றோல் தீக்குத் தண்ணீர் ஊற்றினால் மிதந்து பரவும் என்று அங்கேயே பெரிதாக எழுதிவிடுங்கள். குலுக்கு ரியூப், அளவுப் போத்தல், புனல் மூன்றையும் சங்கம் வாங்கி அங்கே தொங்கவிட்டால் துறை முழுக்கப் பாவிக்கலாம். சீமெந்து நாலு பை, மணலும் கல்லும், ஒரு நாள் சிரமதானம். அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக் கதைக்க விரும்பும் சங்கத்துக்குத் தளத்தின் அளவுகளை வரைந்து தருகிறேன், உட்பெட்டியில் கேளுங்கள்.