மஞ்சள் பூசினால் கீலாய்டு கரையாது

காயம் ஆறிய இடத்தில், காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து வளரும் தழும்புதான் கீலாய்டு. ஒருவர் "மஞ்சளில் இருக்கும் குர்குமின் கீலாய்டைக் கரைத்துவிடும், ஊசியே வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார். இது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. கீலாய்டிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் குர்குமினும், வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டினும், தழும்பைத் தடிக்க வைக்கும் புரதமான கொலாஜனின் உற்பத்தியைக் குறைப்பது நிஜம்தான். ஆனால் அங்கே மருந்து நேராக செல் மீதே விழுகிறது. மஞ்சளை அரைத்துப் பூசினால் தோலின் மேலடுக்கைத் தாண்டி, அடியில் தடித்துக் கிடக்கும் தழும்புக்குள் போதிய அளவு போய்ச் சேராது, சாப்பிட்டாலும் ரத்தத்தில் கலப்பது மிகக் கொஞ்சம். வெங்காயச் சாறு கலந்த ஜெல்லை மனிதர்களிடம் சோதித்தபோதும், சில ஆய்வுகளில் சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியை விட அது மேலாக இல்லை.

அப்புறம், "மஞ்சள் பூசி எனக்குக் குறைந்ததே" என்பவர்களுக்கு: காயத்தின் எல்லைக்குள்ளேயே தடிக்கும் தழும்பு பல மாதங்களில் தானாகவே தணியக்கூடும்; அது கீலாய்டு அல்ல. எல்லை தாண்டிப் பக்கத்துத் தோலுக்கும் பரவுவதுதான் கீலாய்டு, அது பொதுவாகத் தானே அடங்காது. அதற்கு ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, சிலிக்கோன் தகடு என்று மருத்துவர்கள் வழக்கமாகத் தரும் சிகிச்சைகள் இருக்கின்றன; வெட்டி மட்டும் எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வளரும். சிவந்து அரிக்கிற தழும்பில் தயவுசெய்து பூண்டு அரைத்துக் கட்டாதீர்கள், தோல் வெந்து கொப்புளமே வந்துவிடும்.