சிட்காமில் சிரிப்பு யார் மேல் விழுகிறது?

சிட்காம், அதாவது அதே பாத்திரங்கள் எபிசோடுக்கு எபிசோட் வரும் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர், பற்றி எப்போது விவாதம் வந்தாலும் பேச்சு கருத்தைச் சுற்றியே ஓடுகிறது. இந்தத் தொடர் என்ன சொல்ல வருகிறது, நல்லதா கெட்டதா, பிள்ளைகள் பார்க்கலாமா? என்னைக் கேட்டால், சிட்காமின் செல்வாக்கில் முக்கால்வாசி அதன் வடிவத்தில்தான் இருக்கிறது. குறிப்பாக, சிரிப்பை எந்த இடத்தில் வைக்கிறார்கள் என்பதில்.

முதலில் அது எப்படித் தயாராகிறது என்று பார்ப்போம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் அரை மணி நேர இடம், விளம்பரம் போகச் சுமார் 22 நிமிடம். பார்வையாளர் முன்னிலையில் எடுக்கும் தொடர் என்றால் பெரும்பாலும் ஒரு எபிசோடுக்கு ஒரு வாரம். முதல் நாள் நடிகர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஸ்கிரிப்டை உரக்க வாசிப்பார்கள். சிரிப்பு வராத வரிகளை எழுத்தாளர்கள் திருத்துவார்கள். பிறகு ஒத்திகை. கடைசியில் அரங்கில் மக்களை உட்காரவைத்து, வழக்கமாக நான்கு கேமராக்களோடு ஷூட்டிங். ஒரு ஜோக் எடுபடவில்லை என்றால் எழுத்தாளர்கள் அங்கேயே கூடிப் பேசி வேறு வரி எழுதிக் கொடுப்பார்கள், காட்சி மறுபடி எடுக்கப்படும். இத்தனை சல்லடையையும் தாண்டி நிற்பது அன்றைய கூட்டம் எதற்குச் சிரிக்கத் தயாராக இருக்கிறதோ அது மட்டும்தான். 'இவர்கள் சமூகத்தை மாற்றுகிறார்கள்' என்ற பேச்சும் 'சமூகத்தைத்தான் காட்டுகிறார்கள்' என்ற பேச்சும் ஓயாமல் மோதிக்கொள்வதற்குக் காரணம் இந்தச் செய்முறைதான். இரண்டும் ஒரே அரங்கில், ஒரே மாலையில் நடக்கின்றன.

இந்த முறைக்கு அடித்தளம் போட்டது 1951 அக்டோபர் 15 அன்று தொடங்கிய அமெரிக்கத் தொடர் 'ஐ லவ் லூசி'. ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட், மூன்று ஃபிலிம் கேமராக்கள், எதிரே உண்மையான பார்வையாளர்கள். ஃபிலிமில் எடுத்ததால் தரமான பிரதி கையில் நின்றது. மறு ஒளிபரப்பு பெரிய வியாபாரமானதற்கும், பேரப்பிள்ளைகள் காலத்திலும் அதே எபிசோட் ஓடுவதற்கும் அதுவே காரணம். நாயகி லூசிக்குக் குழந்தை பிறக்கும் எபிசோட் 1953 ஜனவரி 19 அன்று வந்தது. சுமார் 4.4 கோடிப் பேர் பார்த்தார்கள். மறுநாள் நடந்த அமெரிக்க அதிபர் ஐசனோவரின் பதவியேற்பைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. அத்தனை பேர் பார்த்த அந்தக் கதையில் 'கர்ப்பம்' என்ற சொல்லுக்குத் தடை. ஸ்கிரிப்டைப் பார்த்து ஒப்புதல் தர மூன்று மதகுருமார்களை வைத்திருந்தார்கள். சொல்லுக்குத் தடை, வயிற்றைக் காட்டத் தடையில்லை. சொல்லைத் தடுத்தவர்களால் காட்சியின் பழக்கத்தைத் தடுக்க முடியவில்லை.

இப்போது சிரிப்புக்கு வருவோம். 1950களில் சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் ஒரு சிரிப்புப் பெட்டி செய்தார். உள்ளே நாடாச் சுருள்களில் விதவிதமான சிரிப்புகள், வெளியே தட்டச்சுப் பொறி போல விசைகள். ஆணா பெண்ணா, முனகலா வெடிச்சிரிப்பா என்று விசையால் தேர்ந்தெடுக்கலாம். எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்பதைக் காலால் மிதிக்கும் கட்டை பார்த்துக்கொள்ளும். அரங்கில் மக்கள் சிரித்த எபிசோடிலும் அங்கங்கே இந்தச் சிரிப்பைக் கலந்து ஏற்றுவது வழக்கமாயிற்று. பார்க்கிறவருக்கு அது ஒரு சைகை: இது ஆபத்தில்லாத இடம், சிரிக்கலாம். போர்முனை ராணுவ மருத்துவமனையில் நடக்கும் 'மாஷ்' தொடரில் (1972 – 1983) படைத்தவர்களுக்குச் சிரிப்பொலியே வேண்டாம் என்றிருந்தது, சானல் விடவில்லை. முடிவில் அறுவை சிகிச்சைக் காட்சிகளில் மட்டும் சிரிப்பு வராது என்று ஒப்பந்தமானது. போரில் அடிபட்டவன் மேசையில் கிடக்கும்போது சிரிப்பு நின்றுவிடும். அந்த மௌனம் பிரசங்கத்தைவிடக் கனமாகப் போர் எதிர்ப்பைச் சொல்லிற்று.

சிரிப்புக்கு ஒரு பெரிய குறையும் உண்டு. அது யாரைப் பார்த்து வருகிறது என்பது காதால் தெரியாது. 1971 ஜனவரியில் தயாரிப்பாளர் நார்மன் லியர் தொடங்கிய 'ஆல் இன் த ஃபேமிலி' இதற்கு நல்ல பாடம். நாயகன் ஆர்ச்சி பங்கர் இனவெறியும் பிடிவாதமும் உள்ள தொழிலாளி. அவன் வாயைத் திறந்தால் யாரையாவது இழிவாகப் பேசுவான், அரங்கம் சிரிக்கும். அவனுடைய அறியாமையை அம்பலப்படுத்துவதுதான் எழுதியவர்களின் நோக்கம். நீல் வித்மர், மில்டன் ரோக்கீச் இருவரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. பிற இனத்தவர் மீது முன்முடிவு குறைந்தவர்கள் இதை நையாண்டி என்று எடுத்துக்கொண்டார்கள். முன்முடிவு அதிகம் உள்ளவர்களோ ஆர்ச்சியை விரும்பினார்கள், 'நம்ம மனசுல உள்ளதைப் பேசுறான்' என்று. இரண்டு வீட்டிலும் சிரிப்பு, இரண்டு வீட்டிலும் வேறு வேறு காரணம். நையாண்டி எழுதுகிற யாரும் இதை மறக்கவே கூடாது என்று நினைக்கிறேன். ஜோக்கின் கடைசிச் சொல்லை இழிவானவனிடமே விட்டுவிட்டால், கைதட்டலும் அவனுக்கே போய்விடும்.

இன்னொரு வகைத் தவறு நல்லெண்ணத்தில் நடப்பது. 1984-இல் வந்த 'தி காஸ்பி ஷோ'வில் அப்பா டாக்டர், அம்மா வக்கீல், பிள்ளைகளோடு வசதியாக வாழும் கறுப்பினக் குடும்பம். கேலிச்சித்திரமாகவே காட்டப்பட்டு வந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் சூட் ஜாலியும் ஜஸ்டின் லூயிஸும் பார்வையாளர்களிடம் பேசி 1992-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளையர் பலர் அதை நிறவெறி ஒழிந்துவிட்டதற்கான சாட்சியாக எடுத்துக்கொண்டது தெரிந்தது. இவர்களால் முடிந்தது என்றால் மற்றவர்களுக்கு என்ன கேடு என்ற முடிவு. சிட்காம் வீட்டில் பணம் எங்கிருந்து வருகிறது, வேலை கிடைக்காதவன் கதி என்ன என்பவை 22 நிமிடத்தில் இடம் பெறாமல் போவதன் விளைவு இது.

சிட்காம் உண்மையாக வேலை செய்வது பழக்கத்தால். டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1956-லேயே எழுதினார்கள், திரையில் வருகிறவரோடு பார்வையாளருக்கு ஒருதலை நட்பு உண்டாகிறது என்று. தன்பால் ஈர்ப்பாளர் ஒருவர் நாயகனாக வரும் 'வில் அண்ட் கிரேஸ்' தொடரைப் பார்த்தவர்களை வைத்து எட்வர்ட் ஷியாப்பாவும் சகாக்களும் நடத்திய ஆய்வில், அதிகம் பார்த்தவர்களிடம் தன்பால் ஈர்ப்பாளர்கள் மீதான வெறுப்பு குறைவாக இருந்தது. நேரில் அப்படி யாரையும் அதிகம் தெரியாதவர்களிடம் இந்தத் தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது. வெறுப்பு குறைந்தவர்களே அதிகம் பார்த்திருக்கலாம் என்ற கேள்வி நியாயமானது. இருந்தும் 2012-இல் அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் ஜோ பைடன், தன்பால் ஈர்ப்பு பற்றி மக்களுக்குப் பாடம் எடுத்தது இந்தத் தொடர்தான் என்ற பொருளில் தொலைக்காட்சியில் பேசினார்.

சின்ன வசனத்தின் பலத்துக்கு 1988-இல் ஹார்வர்டின் ஜே வின்ஸ்டன் நடத்திய முயற்சியைச் சொல்வேன். குடிக்கப் போகும் கூட்டத்தில் ஒருவர் குடிக்காமல் வண்டி ஓட்டவேண்டும் என்ற வழக்கத்தைப் பரப்ப, தொலைக்காட்சி எழுத்தாளர்களிடம் போனார். முழு எபிசோட் கேட்கவில்லை, போகிற போக்கில் ஒரு வரி, ஒரு சுவரொட்டி போதும் என்றார். மதுக்கூடத்திலேயே நடக்கும் 'சியர்ஸ்' உட்பட, நான்கு சீசன்களில் 160-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளில் அது வந்தது. சட்டமும் விளம்பரமும் கூடவே வேலை செய்தன என்பது உண்மை. ஆனால் பிரசாரம் என்றே தெரியாமல் ஒரு வழக்கம் வீட்டுக்குள் வந்த விதத்தைப் பாருங்கள்.

நீங்கள் பார்க்கும் தொடரை நீங்களே சோதிக்கலாம். ஒரு எபிசோடை ஒரு முறை சும்மா பாருங்கள். இரண்டாம் முறை தாளில் மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொரு சிரிப்புக்கும் எழுதுங்கள்: சொன்னது யார், அடி விழுந்தது யார் மேல், கடைசி முகம் யாருடையது. மூன்றாவது கட்டத்தை விட்டுவிடாதீர்கள். கேலி முடிந்ததும் கேமரா யார் முகத்துக்குப் போகிறது என்பதில்தான் தொடரின் மனசு தெரியும். அடிபட்டவர் முகம் காட்டப்பட்டால் அவர் மனிதர். காட்டப்படாவிட்டால் அவர் வெறும் பொருள். ஒரே எபிசோடை வைத்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம், ஒரு குறிப்பிட்ட பாத்திரம் மையமாக வரும் கதை எல்லாக் கணக்கையும் சாய்த்துவிடும். அடுத்தடுத்து நான்கைந்தாவது வேண்டும். கெட்ட வார்த்தைகளை மட்டும் எண்ணுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சுத்தமான மொழியில், ஒரு தடித்த பெண்ணை, திக்கிப் பேசுகிறவரை, வீட்டு வேலைக்காரரை வாராவாரம் அடிக்கிற தொடர்கள் உண்டு. குடும்பத்தோடு பார்க்கலாம் என்ற முத்திரையோடு அவை ஓடுகின்றன.

பிள்ளைகள் கூடப் பார்த்தால் ரிமோட்டைப் பிடுங்குவதைவிடக் கேள்வி கேட்பது பயன்படும். 2001-இல் 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் ஆணுறை சில நேரம் பலிக்காமல் போகலாம் என்ற செய்தி வந்த எபிசோடைப் பதின்ம வயதினர் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று ரேண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஆராய்ந்தது. பெரியவரோடு சேர்ந்து பார்த்தவர்களும் பிறகு அதைப் பற்றிப் பெரியவரிடம் பேசியவர்களும் தகவலைச் சரியாக நினைவில் வைத்திருந்தார்கள். எனவே விளம்பர இடைவேளையில் ஒன்றைக் கேளுங்கள்: 'இப்ப சிரிச்சோமே, அந்த ஆள் இதைப் பார்த்திருந்தா அவரும் சிரிச்சிருப்பாரா?' பதிலை நீங்களே சொல்லிவிடாமல், விளம்பரம் முடியும்வரை காத்திருங்கள்.