கும்பிடுங்கள், ஆனால் இருமிக்கொண்டு வராதீர்கள்

நோயாளி உள்ள வீட்டில் எல்லோரும் சேர்ந்து கும்பிட்டால் பாதிப் பாரம் குறையும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சரி, மறுக்கவில்லை. மற்றப் பாதி?

அம்மாவுக்குப் புற்றுநோய், மகரகமை ஆஸ்பத்திரியில் கீமோ மருந்து ஏற்றுகிறார்கள். நாங்கள் வெள்ளவத்தை, சைவக் குடும்பம்தான், இருந்தும் செவ்வாய்க்கிழமை என்றால் சித்தி கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்துக்கு மெழுகுதிரி கொளுத்தப் போய்விடுவார், கொழும்பில் இதெல்லாம் புதினமில்லை, சிங்களச் சனமும் அங்கே வரிசையில் நிற்கும். அப்பாவோ சாமியறையை விட்டு அசையமாட்டார். ஆனால் சாம்பிராணி மணம் பட்டாலே அம்மாவுக்கு ஓங்காளம் வருகிறது, அதனால் இப்போது விளக்கு மட்டும், தேவாரமும் மெதுவாகத்தான்.

எனக்குப் பிரச்சினை சொந்தக்காரர்கள். மருந்து ஏற்றி ஒரு கிழமை, பத்து நாளில் கிருமியோடு போராடும் இரத்த வெள்ளை அணுக்கள் நன்றாகக் குறைந்துவிடும், அந்த நேரம் சாதாரணத் தடிமன்கூட ஆபத்து, காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தாண்டினால் பனடோலைக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கக்கூடாது, இரவானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இது தெரியாமல் இருமிக்கொண்டே வந்து நெற்றியில் திருநீறு பூசி, கையைப் பிடித்து, கட்டிலிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். கோபிக்கவும் முடியாது, அன்பில்தானே வருகிறார்கள் (கோபம் வரத்தான் செய்கிறது, அது வேறு).

அர்ச்சனை செய்யுங்கள், நேர்த்தி வையுங்கள். முடிந்தால் உறைப்பில்லாத ஒரு கறியும் சமைத்து வாசலில் தந்துவிட்டுப் போங்கள், அம்மா தூங்கும் நேரத்தில் பெல் அடிக்காமல்.