சரிவு அக்டோபர் 30-ல் தொடங்கவில்லை

2024 அக்டோபர் 30 அன்று இங்கிலாந்தின் கால்பந்து அணியான மான்செஸ்டர் சிட்டி, அந்நாட்டின் லீக் கோப்பையான கராபாவ் கோப்பையில் டாட்டன்ஹாமிடம் 2-1 என்று தோற்றது. அன்றிலிருந்து டிசம்பர் 26 வரை ஆடிய 13 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி, 3 டிரா, 9 தோல்வி. இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கில் தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்ற முதல் அணி அது. ஃபெயனோர்டுக்கு எதிராக 75-வது நிமிடம் வரை 3-0 என்று முன்னால் இருந்துவிட்டு 3-3 என்று முடித்தார்கள். சொந்த மைதானத்தில் 52 ஆட்டங்களாகத் தோற்காதவர்கள் டாட்டன்ஹாமிடம் 4-0 என்று சுருண்டார்கள்.

அதற்குக் காரணம் என்ன என்று அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. நான் சிட்டி ரசிகன். இந்தச் சண்டையில் நான் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறேன், எல்லாத் தரப்பையும் கேட்டாகிவிட்டது. நடுக்கள வீரர் ரோட்ரிக்குக் காயம், அவ்வளவுதான் என்பார் ஒருவர். கோச் பெப் கார்டியோலாவுக்குப் பழைய பசி போய்விட்டது என்பார் இன்னொருவர். முன்கள வீரர் ஹாலண்ட் கோல் அடித்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் மைதானத்தில் இருப்பதே தெரியாது என்பார்கள். கிளப் மீதான நிதி விதிமீறல் குற்றச்சாட்டுகளின் விசாரணை வீரர்களின் மனதைக் குலைத்துவிட்டது என்றும் ஒரு கட்சி உண்டு. விசாரணை தொடங்கியது செப்டம்பரில். அக்டோபர் கடைசி வரை லீக்கில் ஒரு தோல்வி கூட இல்லை. அதனால் அந்தக் கட்சியோடு எனக்கு அதிகம் பேச ஒன்றுமில்லை.

இவர்கள் எல்லோருமே கதையை அக்டோபர் 30-ல் தொடங்குகிறார்கள். எனக்கு அங்கேதான் உடன்பாடு இல்லை. அதற்கு முந்தைய நான்கு வாரங்களைத் திரும்பப் பாருங்கள்.

அக்டோபர் 5, ஃபுல்ஹாமுடன் 3-2 வெற்றி. முதல் கோலை அடித்தது ஃபுல்ஹாம். அடாமா ட்ராரே கோல்கீப்பரை மட்டும் எதிரே வைத்துக்கொண்டு வாய்ப்புகளை வீணாக்காமல் இருந்திருந்தால் அந்த ஆட்டம் வேறு மாதிரி முடிந்திருக்கும். அக்டோபர் 20, உல்வ்ஸுடன் 2-1. அங்கேயும் முதல் கோல் எதிரணிக்கு. ஜான் ஸ்டோன்ஸ் 95-வது நிமிடத்தில் தலையால் முட்டித்தான் வெற்றி வந்தது. அக்டோபர் 26, பட்டியலில் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்த சவுத்தாம்ப்டனுடன் வெறும் 1-0. அதற்கும் முன்னால், செப்டம்பர் 22 அன்று பத்துப் பேரோடு ஆடிய ஆர்சனலுக்கு எதிராக 98-வது நிமிடத்தில் அதே ஸ்டோன்ஸ்தான் 2-2 ஆக்கிக் காப்பாற்றினார்.

சவுத்தாம்ப்டன் ஆட்டம் முடிந்தபோது சிட்டி பட்டியலில் முதலிடம். அந்த வாரம் ரசிகர்கள் என்ன பேசினார்கள் என்று நினைவிருக்கிறதா? "சாம்பியன் என்றால் இப்படித்தான், கடைசி நிமிடத்தில் கூட விடமாட்டார்கள்" என்றார்கள். அதே ஓட்டைகளோடு ஆடிய அணி அடுத்த வாரம் போர்ன்மத்திடம் தோற்றதும், 32 லீக் ஆட்டங்களாகத் தோற்காத தொடர் முடிந்ததும், "திடீரென்று என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். எனக்கு அதில் திடீர் என்று எதுவும் தெரியவில்லை. அக்டோபரில் கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து நவம்பரில் உள்ளே போனது. ஆட்டம் ஒன்றுதான்.

சரி, ரோட்ரி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. 2023-24 சீசனில் சிட்டி லீக்கில் தோற்றது மூன்றே ஆட்டங்களில்: உல்வ்ஸ், ஆர்சனல், ஆஸ்டன் வில்லா. மூன்றிலும் ரோட்ரி தடை காரணமாக ஆடவில்லை. அவர் அந்த அணியில் என்ன செய்கிறார் என்பது டிவியில் பாதிதான் தெரியும். சிட்டி தாக்கும்போது ஓரத் தடுப்பாளர்களான ஃபுல்பேக்குகள் நடுக்களத்துக்குள் வந்துவிடுவார்கள், டிஃபென்ஸ் வரிசை மையக்கோட்டுக்கே ஏறிவிடும், பின்னால் அரை மைதானம் காலியாகக் கிடக்கும். பந்து பறிபோனால் அடுத்த இரண்டு நொடிதான் எல்லாம். அந்த இரண்டு நொடியில் எதிரணியின் முதல் பாஸ் எங்கே போகும் என்று முன்பே பார்த்து, அங்கே உடம்பைக் கொண்டுபோய் நிறுத்துபவர் ரோட்ரி. முடியாவிட்டால் ஒரு சின்ன ஃபவுல் செய்து ஆட்டத்தையே நிறுத்திவிடுவார். கோவாசிச்சும் குண்டோகனும் அருமையான பாஸர்கள். ஆனால் திறந்த வெளியில் துரத்தி ஓடும் ஆட்டம் அவர்களுடையது இல்லை. குண்டோகனுக்கு அந்த அக்டோபரில் வயது 34. எதிரணிகள் இதைக் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் எடுக்கவில்லை: பந்தைப் பிடி, நடுவில் இரண்டு பாஸ், அப்புறம் ஓடு. டாட்டன்ஹாம் முதல் யுவென்டஸ் வரை அதைத்தான் செய்தார்கள்.

ஆனால் ரோட்ரியோடு பேச்சை முடித்துக்கொள்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி. அவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது 2023 டிசம்பரிலேயே கிளப்புக்குத் தெரியும். அவருக்கு மாற்றாக 2022-ல் வாங்கிய கால்வின் ஃபிலிப்ஸ் சரிப்படவில்லை, கடனாக வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த இடத்துக்கு 2024 கோடையில் யாரை வாங்கினார்கள்? யாரையும் இல்லை. சவின்யோ வந்தார், குண்டோகன் திரும்பி வந்தார், ஹூலியன் ஆல்வாரெஸ் அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்குப் போனார். அவ்வளவுதான் அந்தக் கோடை. அதற்கு முந்தைய வருடம் செல்சீக்கு விற்ற கோல் பால்மர், போன முதல் சீசனிலேயே லீக்கில் 22 கோல் அடித்திருந்தார். சிட்டியில் வாக்கருக்கு வயது 34, டி ப்ரூய்னாவுக்கு 33. முன்னால் எதிரணியை நெருக்கி பிரஸ் செய்யும் கால்களும் மெதுவாகிவிட்டன, பின்னால் அடைக்கும் கால்களும் மெதுவாகிவிட்டன. கோடையில் புதியவர்கள் வேண்டாம் என்று சொன்னது தான்தான் என்று பெப்பே பிறகு ஒப்புக்கொண்டார். ஜெயித்துக் கொடுத்தவர்களை எப்படி வெளியே அனுப்புவது என்ற தயக்கம் அவருக்கு இருந்திருக்கும். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது தவறான முடிவு.

இன்னொரு பக்கம், காயப் பட்டியலே ஒரு அணிக்குப் போதும் அளவுக்கு நீண்டது. டியாஸ், ஸ்டோன்ஸ், அகான்ஜி, ஆகே என்று நடுத் தடுப்பாளர்களான சென்டர்பேக்குகள் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். அதே ஊர் அணியான மான்செஸ்டர் யுனைடெட்டுடனான டெர்பியில் 88-வது நிமிடம் வரை 1-0 என்று முன்னால் இருந்தோம். மிட்ஃபீல்டரான மத்தேயுஸ் நூனெஸை லெஃப்ட்பேக்காக ஆடவைத்திருந்தார்கள். அவர் கொடுத்த ஒரு பலவீனமான பின்பாஸ் பெனால்டியில் முடிந்தது. இரண்டு நிமிடத்தில் யுனைடெட்டின் அமாட் இன்னொன்று அடித்தார். அன்று இரவு நூனெஸுக்குக் கிடைத்த வசையைப் படித்தவர்களுக்குத் தெரியும், கோபத்துக்கும் கொடூரத்துக்கும் நடுவே இருந்த கோடு எப்போதோ அழிந்துவிட்டது.

கடைசி நிமிட வெற்றி எல்லாமே ஆபத்தின் அறிகுறியா, ஃபெர்குசனின் யுனைடெட் இருபது வருடம் அப்படியே ஜெயித்ததே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வித்தியாசம் அந்தக் கோலுக்கு முந்தைய இருபது நிமிடங்களில் இருக்கிறது. எதிரணியை அவர்களுடைய பெட்டிக்குள்ளேயே அமுக்கி வைத்துக் கடைசியில் உடைப்பது ஒன்று. இரண்டு முறை பிழைத்து, மூன்றாவது முறை நாம் அடித்துவிடுவது வேறு. 2024 அக்டோபரின் சிட்டி இரண்டாவது வகை.

2025-ல் லிவர்பூலும் இரண்டாவது வகைதான். சாம்பியனாகத் தொடங்கி லீக்கில் முதல் ஐந்து ஆட்டங்களையும் ஜெயித்தார்கள். போர்ன்மத்துக்கு எதிராக 2-0 முன்னிலையைத் தொலைத்துவிட்டு 88-வது நிமிடத்தில் கியேசா காப்பாற்றினார். பத்துப் பேரோடு ஆடிய நியூகாசிலிடமும் 2-0 முன்னிலை போனது, 100-வது நிமிடத்தில் 16 வயது ரியோ ந்குமோஹா அடித்தார். பர்ன்லியுடன் 95-வது நிமிட பெனால்டி. அதன் பிறகு செப்டம்பர் 27 முதல் நவம்பர் 26 வரை 12 ஆட்டங்களில் 9 தோல்வி. சிட்டி மாற்றவே இல்லை என்றால், லிவர்பூல் ஒரே கோடையில் நிறைய மாற்றிவிட்டது: விர்ட்ஸ், இசாக், எகிடிகே, கெர்கெஸ், ஃப்ரிம்பாங் வந்தார்கள், அலெக்ஸாண்டர்-ஆர்னால்டும் லூயிஸ் டியாஸும் போனார்கள். வழி எதிரெதிர், வந்து சேர்ந்த இடம் ஒன்று.

லிவர்பூல் விஷயத்தில் இன்னொன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. 2025 ஜூலை 3 அன்று தியோகோ ஜோட்டா தன் தம்பியோடு கார் விபத்தில் இறந்தார். வான் டைக்கும் ராபர்ட்சனும் இறுதிச் சடங்கில் மாலை ஏந்தி நடந்தார்கள். நவம்பரில் ஸ்காட்லாந்து உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற இரவில்கூட ராபர்ட்சன் பேசியது ஜோட்டாவைப் பற்றி. அதே வாரங்களில், "கோடிகளில் சம்பளம் வாங்குகிறவனுக்கு என்ன துக்கம்?" என்று எழுதியவர்களை நான் பார்த்தேன். ஆட்ட நுணுக்கத்தை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் விமர்சியுங்கள். கார்னர், ஃப்ரீகிக் போன்ற செட்பீஸில் ஏன் தூங்குகிறார்கள் என்று கேளுங்கள், நானும் கேட்கிறேன். ஆனால் கூட ஆடியவனைப் புதைத்துவிட்டு வந்தவர்களிடம் "என்ன துக்கம்?" என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை.

கோச்சைத் தூக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாதமும் சரிவு வந்தால் தவறாமல் வரும். செல்சீ 2015 டிசம்பரில் 16-வது இடத்தில் இருந்தபோது மொரீன்யோவை அனுப்பினார்கள். அதற்கு ஏழு மாதம் முன்புதான் பட்டம் வாங்கிக் கொடுத்திருந்தார். அவர் போனபின் தோல்விகள் குறைந்தன, ஆனால் சீசன் முடிந்தது 10-வது இடத்தில். லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் "காலையில் வேலை போய்விடும்" என்று பாடியவர்களுக்கு பெப் ஆறு விரலைக் காட்டினார், தான் வென்ற ஆறு லீக் பட்டங்களை. அதற்குச் சில நாள் முன்புதான் சிட்டி அவருடைய ஒப்பந்தத்தை நீட்டித்திருந்தது. அந்தக் குளிர்காலத்தில் கிளப் எடுத்த சரியான முடிவு என்று நான் சொல்வது அதைத்தான்.

ஜனவரி டிரான்ஸ்ஃபர் காலத்தில் மர்மூஷ், குசானோவ், விட்டோர் ரெய்ஸ், நிகோ கொன்சாலஸ் என்று நான்கு பேரை வாங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்பவர்களோடும் எனக்குத் தகராறு உண்டு. 71 புள்ளிகளோடு மூன்றாம் இடம் வந்தோம், அதற்கு முந்தைய சீசனில் 91. அதை மீட்சி என்று சொல்பவர்கள் மே 17 அன்று வெம்ப்ளியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதியை மறுபடி போட்டுப் பார்க்கட்டும். பந்து பெரும்பாலும் எங்களிடம்தான் இருந்தது. 16-வது நிமிடத்தில் கிரிஸ்டல் பேலஸ் பந்தைக் கைப்பற்றி வேகமாக முன்னேறியது, வலது பக்கத்திலிருந்து முன்யோஸ் கிராஸ் போட்டார், எஸே அடித்தார். 1-0 என்றே முடிந்தது. ஃபுல்ஹாம் அக்டோபரிலேயே காட்டிக்கொடுத்த அதே கவுன்டர் அட்டாக், ஏழு மாதம் கழித்தும் அடைபடவில்லை.